சிறுநீர்ப்பைக் கட்டி: சுரண்டி எடுத்தால் முடிந்துவிடுமா?

சிறுநீர்ப்பைக் கட்டிக்கான அறுவை சிகிச்சை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், யூராலஜி மருத்துவர்கள் தந்த பதில்களும்.

*

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனது. ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் 2.5 செ.மீ. கட்டி தெரிந்தது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சிறுநீர் வரும் வழியாகவே டி.யூ.ஆர்.பி.டி. செய்து எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அவ்வளவு சின்ன வழியில் கட்டி எப்படி வெளியே வரும்? உள்ளே என்னதான் செய்வார்கள்?
(வாசகர், சேலம்)

பதில்: துண்டு துண்டாகத்தான் வரும். ரிசெக்டோஸ்கோப் என்ற குழாய்க் கருவியைச் சிறுநீர்ப் புறவழியில் செலுத்துவார்கள். பெரும்பாலும் 24 அல்லது 26 பிரெஞ்ச் அளவு. 26 என்றால் விட்டம் கிட்டத்தட்ட 8.7 மி.மீ. அதற்குள் ஒரு லென்ஸ், வெளிச்சம், திரவம் போகவும் வரவும் பாதை, நுனியில் வளைந்த கம்பி ஒன்று. இந்தக் கம்பியில் மின்சாரம் பாயும்போது அது திசுவை வெட்டும். காலால் மிதிக்கும் பெடலை மாற்றினால் அதே கம்பி ரத்தக்குழாயைக் கருக்கி அடைக்கும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம் தருவார்கள். கால்களைத் தூக்கி வைத்தபின் முதல் வேலை கருவியை நுழைப்பது அல்ல, கையால் பார்ப்பது. ஆண்களுக்கு ஆசனவாய் வழியாக ஒரு விரல், அடிவயிற்றின் மேல் மற்றொரு கை. இரண்டுக்கும் நடுவே கட்டி கெட்டியாகத் தட்டுப்படுகிறதா, அசைகிறதா என்று பார்ப்பார்கள். கட்டியை எடுத்து முடித்த பிறகும் இதையே ஒருமுறை செய்ய வேண்டும். கட்டி போன பிறகும் கையில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் நோய் பையின் சுவரைத் தாண்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை என்பதாலேயே பல இடங்களில் விட்டுப்போகிற வேலையும் இதுதான்.

அடுத்து பை முழுவதையும் சுற்றிப் பார்ப்பார்கள். கட்டிகள் எத்தனை, எந்தச் சுவரில், எவ்வளவு பெரிது, காம்போடு நிற்கிறதா அல்லது சுவரோடு படிந்திருக்கிறதா, சிறுநீரகத்திலிருந்து வரும் நாளங்களின் வாயிலிருந்து எவ்வளவு தூரம், வேறெங்காவது சிவந்த திட்டுகள் உண்டா என்பதையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகே வெட்டத் தொடங்குவார்கள். ஒருமுறை வெட்டி ரத்தம் கலங்கிவிட்டால் இந்தத் தெளிவு திரும்பக் கிடைக்காது.

காம்புள்ள கட்டி, ஓடும் திரவத்தில் குளத்துப் பாசியைப்போல அசைந்துகொண்டிருக்கும். அதன் நுனியிலிருந்து அடி நோக்கிப் பட்டை பட்டையாகச் செதுக்குவார்கள். வெளியே நீட்டியிருக்கும் பகுதி தீர்ந்ததும் கட்டி நின்ற இடத்தை இன்னும் ஆழமாக வெட்டித் தசை நார்கள் தெரியும்வரை போக வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக வெளிறிய நார்கள் தெரிந்தால் அது தசை. மஞ்சளாக மினுங்கினால் வெளியே உள்ள கொழுப்பு. அங்கே சுவர் துளைபட்டுவிட்டது என்று பொருள், கை அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். தசைக்கும் கொழுப்புக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர்தான். பையை அளவுக்கு மேல் நிரப்பினால் சுவர் விரிந்து அதுவும் மெலிந்துவிடும். அதனால்தான் பாதி நிரம்பிய பையில் வேலை செய்வார்கள்.

செதுக்கிய துண்டுகளை உறிஞ்சி எடுக்க எல்லிக் என்ற பந்து பொருத்திய குப்பி உண்டு. கடைசியாக ரத்தக்கசிவை அடைத்துவிட்டு, 20 அல்லது 22 பிரெஞ்ச் அளவில் மூன்று வழிக் கதீட்டர் போடுவார்கள். ஒரு வழியில் சலைன் உள்ளே போகும், ஒன்றில் வெளியே வரும், மூன்றாவது பலூனுக்கு. அப்பாவின் கட்டி அளவுக்கு மொத்த வேலையும் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

*

கேள்வி: என் கணவருக்கு டி.யூ.ஆர்.பி.டி. செய்து கட்டியை முழுவதும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது பயாப்ஸி ரிப்போர்ட் வந்தபிறகு, ஒரு மாதத்துக்குள் அதே ஆபரேஷனை மறுபடி செய்ய வேண்டும் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'டி 1, ஹை கிரேடு, தசை காணப்படவில்லை' என்று இருக்கிறது. முதல்முறை சரியாகச் செய்யவில்லையா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் முக்கியம். கட்டி முழுவதையும் எடுத்துவிட்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்ததைப் பற்றிய பேச்சு. கட்டியின் வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை மைக்ராஸ்கோப்தான் சொல்லும். அதற்கு ஆழமான துண்டு அதன் கைக்குப் போயிருக்க வேண்டும்.

சிறுநீர்ப்பைச் சுவர் உள்ளிருந்து வெளியே நான்கு அடுக்கு: சிறுநீர் படும் மெல்லிய உள்தோல், அதன் அடியில் இணைப்புத் திசு, பிறகு தசை, கடைசியில் கொழுப்பு. உள்தோலோடு நின்றால் டி.ஏ.; இணைப்புத் திசுவுக்குள் இறங்கினால் டி 1; தசையைத் தொட்டுவிட்டால் டி 2. டி 1 வரை பையை வைத்துக்கொண்டே வைத்தியம் பார்க்கலாம். டி 2 என்றால் பையையே எடுப்பது பற்றிப் பேச வேண்டிவரும். அனுப்பிய துண்டில் தசையே இல்லாதபோது, பேதாலஜிஸ்ட் 'டி 1' என்று எழுதினாலும் அதற்கு 'குறைந்தபட்சம் டி 1' என்றுதான் பொருள். தசைக்குள் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

தசை வந்திருந்தாலும்கூட டி 1 கட்டிக்கு இரண்டாம் முறை செதுக்குவது உலகெங்கும் உள்ள நடைமுறை. முதல் அறுவைக்குப் பின் 2 முதல் 6 வாரத்துக்குள் செய்வார்கள். காரணம் இருக்கிறது: டி 1 கட்டிகளில், முதல்முறை முழுதாக எடுத்ததாக நினைத்த இடத்திலேயே மீண்டும் பார்த்தபோது 33 முதல் 55 சதவீதம் பேரிடம் மிச்சக் கட்டி கிடைத்திருக்கிறது. எனவே டாக்டர் மறுபடி செய்யச் சொல்வது தவறை மறைக்க அல்ல. சொல்லாமல் விட்டிருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

டி.ஏ., லோ கிரேடு (செல்கள் சாதுவாகத் தெரிபவை; ஹை கிரேடு என்றால் மூர்க்கமானவை) என்று வந்து, கட்டியை முழுதாக எடுத்துமிருந்தால் தசை இல்லாவிட்டாலும் இரண்டாம் முறை பொதுவாகத் தேவையில்லை.

சிறுநீர்ப்பைக் கட்டி எடுத்த எல்லோருக்கும் சொல்வது: பயாப்ஸி ரிப்போர்ட்டின் அசல் பிரதியை வாங்கிக் கையில் வைத்திருங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். கிரேடு என்ன, எந்த அடுக்கு வரை, தசை துண்டில் இருந்ததா. மூன்றாவது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

*

கேள்வி: ஆபரேஷன் நடக்கும்போது அண்ணனின் கால் திடீரென்று உதறி, சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்துவிட்டதாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் இருந்தபோது கால் எப்படி உதறும்? பத்து நாள் கதீட்டரோடு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
(வாசகர், மதுரை)

பதில்: நியாயமான சந்தேகம். தொடையின் உள்பக்கத் தசைகளுக்குப் போகும் ஆப்டுரேட்டர் என்ற நரம்பு, சிறுநீர்ப்பையின் பக்கச் சுவரை ஒட்டி, இடையே சில மில்லிமீட்டர் தூரத்தில் ஓடுகிறது. பக்கச் சுவரில் உள்ள கட்டியை வெட்டும்போது மின்சாரம் சுவரைத் தாண்டி அந்த நரம்பைத் தீண்டும். உடனே தொடைத் தசை சுருங்கிக் கால் உள்நோக்கி இழுக்கும். அந்த நொடியில் வெட்டுக் கம்பி சுவரைக் கிழித்துக்கொண்டு போய்விடலாம்.

முதுகில் போட்ட மருந்து, தண்டுவடத்தை ஒட்டி நரம்பின் தொடக்கத்தைத்தான் அடைக்கிறது. மின்சாரம் தூண்டுவதோ அதற்கு வெகு கீழே, இடுப்புக் குழிக்குள். அங்கிருந்து தசை வரையிலான நரம்பு நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதனால் நோயாளிக்கு எதுவும் தெரியாது, கால் மட்டும் உதறும்.

தடுக்க வழிகள் உண்டு. முழு மயக்கம் தந்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் கொடுத்தால் நரம்பு தூண்டப்பட்டாலும் தசை சுருங்காது. முதுகு ஊசிதான் என்றால், அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே தொடை மேல்பகுதியில் அந்த நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தலாம். இதற்கு ஆப்டுரேட்டர் பிளாக் என்று பெயர். அறுவை செய்பவர் தன் பங்குக்கு மின்சாரத்தைக் குறைப்பார், பையை நிரப்பாமல் வைப்பார், நீளமாக இழுக்காமல் பெடலைத் தொட்டுத்தொட்டு விட்டு வெட்டுவார். மின்சாரம் நுனியிலேயே போய்த் திரும்பும் பைபோலார் கருவியில் இந்த உதறல் வரவே வராது என்று சில விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வதுண்டு. குறையலாம், ஆனால் வராது என்று சொல்ல முடியாது. பக்கச் சுவர்க் கட்டி என்று ஸ்கேனிலேயே தெரியும்போது, அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடமும் அதைப் பேசிவைப்பது நல்லது.

ஓட்டையில் இரண்டு வகை. பையின் பக்கங்களிலும் அடியிலும் விழுந்தால் திரவம் வயிற்று உறைக்கு வெளியே, சுற்றியுள்ள திசுவுக்குள் கசியும். உங்கள் அண்ணனுக்கு நடந்தது இதுதான் என்று தெரிகிறது. பையை எப்போதும் காலியாக வைத்தாலே அது தானாக மூடிக்கொள்ளும், அதற்குத்தான் கதீட்டர். பத்து நாள் என்பது வழக்கமான கணக்கே. எடுப்பதற்கு முன் கதீட்டர் வழியே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கசிவு நின்றதா என்று பார்ப்பார்கள். பையின் மேற்கூரையில் விழுந்து வயிற்று உறைக்குள்ளேயே திறந்துவிட்டால் சமாச்சாரம் வேறு. வயிறு உப்பும், வலிக்கும். பெரும்பாலும் திறந்தோ லேப்ராஸ்கோப்பியிலோ தைக்க வேண்டியிருக்கும். கதீட்டர் இருக்கும் நாட்களில் பை நிறைய விடாதீர்கள். குழாய் மடங்கி சிறுநீர் வருவது நின்றாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம்.

*

கேள்வி: மானோபோலார், பைபோலார் என்று இரண்டு விலை சொல்கிறார்கள். வித்தியாசம் என்ன?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: முக்கியமான வித்தியாசம், பைக்குள் ஓடும் திரவத்தில். மானோபோலாரில் மின்சாரம் கம்பியிலிருந்து உடல் வழியே போய், தொடையிலோ முதுகிலோ ஒட்டிய தகட்டின் வழியே திரும்புகிறது. சலைனில் உப்பு இருப்பதால் மின்சாரம் அதிலேயே பரவிவிடும், கம்பி வெட்டாது. எனவே உப்பில்லாத 1.5 சதவீத கிளைசின் கரைசலைப் பயன்படுத்துவார்கள். இது ரத்தத்தைவிட நீர்த்தது. வெட்டுப்பட்ட ரத்தக்குழாய்கள் வழியாகவோ, பையில் விழுந்த ஓட்டை வழியாகவோ உடலுக்குள் அதிகம் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். நோயாளி அமைதியிழப்பார், குமட்டும், பார்வை மங்கும், குழம்பிப் பேசுவார்; இன்னும் போனால் வலிப்பு. புராஸ்டேட் அறுவையில்தான் இது அதிகம். கட்டி அறுவையில் பெரும்பாலும் சுவர் துளைபட்டால்தான் வரும். முதுகு ஊசியின் நன்மை இங்கேதான்: நோயாளி விழித்திருப்பதால் முதல் அறிகுறியை அவரே சொல்லிவிடுவார்.

பைபோலாரில் மின்சாரம் கருவியின் நுனியிலேயே போய்த் திரும்பிவிடும். சாதாரண சலைனே போதும், சோடியம் இறங்கும் பயம் இல்லை. கட்டி திரும்ப வருவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை. கட்டி பெரிது, நேரம் பிடிக்கும், இதயம் பலவீனம் என்றால் கூடுதல் செலவுக்குப் பொருள் உண்டு. ஒரு செ.மீ. கட்டிக்கு யார் கை என்பதுதான் முக்கியம், எந்தக் கம்பி என்பது அல்ல.

*

கேள்வி: தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் யூனிட்டில் எல்லாத் துண்டுகளையும் ஒரே பாட்டிலில் போடுவோம். புதிதாக வந்த சார் மூன்று பாட்டில் கேட்கிறார். திரவ பாட்டில் மாற்றும்போது காற்று போகக்கூடாது என்று திட்டவும் செய்கிறார். ஏன்?
(வாசகி, வேலூர்)

பதில்: இரண்டிலும் அவர் சொல்வது சரி.

ஒரு செ.மீ.க்குக் குறைவான கட்டியை அடித்தசையோடு சேர்த்து ஒரே துண்டாக எடுத்தால் ஒரு பாட்டில் போதும். பெரிய கட்டியில், வெளியே நீட்டியிருந்த பகுதி ஒரு பாட்டிலில், அடிப்பகுதி தசையோடு ஒன்றில், ஓரங்கள் ஒன்றில் என்று பிரிக்க வேண்டும். எல்லாம் கலந்துவிட்டால் தசையில் நோய் இருக்கிறது என்று தெரிந்தாலும், இல்லை என்று தெரிந்தாலும் அது எந்த இடத்துத் தசை என்று சொல்ல முடியாது. வேறு இடத்தில் சிவந்த திட்டிலிருந்து எடுத்தால் அதற்கும் தனிப் பாட்டில், தனி எண். 10 சதவீத ஃபார்மலின், திசுவின் அளவைப்போல் பத்து மடங்காவது ஊற்றுங்கள். துண்டுகளைக் காஸ் துணியில் சுற்றி உலர விடாதீர்கள். லேபிளைப் பாட்டிலின் மூடியில் ஒட்டாமல் உடலில் ஒட்டுங்கள், மூடி மாறிப்போகும். படிவத்தில் கட்டியின் இடம், எண்ணிக்கை, முன்பு பி.சி.ஜி. (பைக்குள் விடும் உயிருள்ள கிருமி மருந்து) போட்டாரா என்பதையும் எழுதினால் பேதாலஜிஸ்ட் உங்களை வாழ்த்துவார்.

காற்று விஷயம் இன்னும் தீவிரமானது. மின்சாரம் திசுவை ஆவியாக்கும்போது வாயுக்கள் உண்டாகின்றன, அவற்றில் ஹைட்ரஜன் அதிகம். அவை பையின் கூரையில் குமிழாகச் சேரும். ஹைட்ரஜன் தனியாக இருந்தால் வெடிக்காது. பாட்டில் மாற்றும்போதோ எல்லிக் பொருத்தும்போதோ வெளிக்காற்றின் ஆக்ஸிஜன் அதோடு சேர்ந்து, அந்த நேரத்தில் கூரைப் பகுதியில் கம்பி தீப்பொறி விட்டால் பைக்குள்ளேயே வெடிக்கும், பை கிழிந்துபோகும். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. பாட்டில் முழுவதும் காலியாகும் முன்பே மாற்றுங்கள், புதிய டியூபில் திரவத்தை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகு இணையுங்கள், எல்லிக்கை விளிம்புவரை நிரப்பிக் கொடுங்கள். குமிழை அவ்வப்போது வெளியேற்றுவது அவர் வேலை.

பாட்டிலின் உயரம் நோயாளிக்கு மேல் 60 செ.மீ. அளவில் இருந்தால் போதும். உயரம் கூடினால் பையில் அழுத்தம் கூடும், திரவம் உடலுக்குள் போவதும் கூடும். திரவத்தை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கித் தாருங்கள். வயதானவர்களுக்கு நடுக்கம் வருவது குறையும்.

*

கேள்வி: லேசரில் கட்டியை முழுசாக ஒரே துண்டாக எடுக்கிறார்களாமே, அது சிறந்ததா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: 'ஒரே துண்டாக' என்பதுதான் இங்கே விஷயம், லேசர் அல்ல. நியூயார்க்கில் எட்வின் பியர் 1910-ல் சிஸ்டோஸ்கோப் வழியே மின்சாரம் செலுத்திக் கட்டியைக் கருக்கினார். அதற்கு முன் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். மாக்ஸிமிலியன் ஸ்டெர்ன் 1926-ல் ரிசெக்டோஸ்கோப்பைக் கொண்டுவந்தார், ஜோசப் மெக்கார்த்தி 1931-ல் அதைச் செம்மைப்படுத்தினார். அன்றிலிருந்து கட்டியை நறுக்கித்தான் எடுக்கிறோம். புற்றுநோய்க் கட்டியை நறுக்கக்கூடாது என்பது மற்ற உறுப்புகளில் எல்லாம் பாலபாடம். சிறுநீர்ப்பையில் மட்டும் வழி சின்னது என்பதால் விதியை மீறினோம்.

ஒரே துண்டு முறையில், கட்டியைச் சுற்றிச் சில மி.மீ. தள்ளி நல்ல உள்தோலில் வட்டமாகக் கோடு வெட்டி, தசை வரை இறங்கி, அடியில் நுழைந்து தசையின் ஒரு படலத்தோடு சேர்த்துக் கட்டியைப் பெயர்ப்பார்கள். ஹோல்மியம் லேசர், தூலியம் லேசர், கத்தி வடிவ மின் நுனி, எதிலும் செய்யலாம். லேசரில் மின்சாரம் இல்லாததால் கால் உதறாது என்பது பக்கச் சுவர்க் கட்டிக்கு நிஜமான லாபம். அதைவிடப் பெரிய லாபம் பேதாலஜிஸ்டுக்கு. கருகாத, கிடையும் ஆழமும் கலையாத துண்டு கிடைக்கிறது, தசையும் பெரும்பாலும் அதில் இருக்கிறது.

தடுமாற்றம் வெளியே எடுப்பதில். 3 செ.மீ.க்கு மேல் போனால் துண்டு கருவிக் குழாயில் நுழையாது. சின்ன உறை ஒன்றில் போட்டு இழுப்பதோ, கடைசியில் நறுக்குவதோதான் வழி. கூரையிலும் முன்சுவரிலும் கருவியை வளைத்து அடியில் நுழைவது கடினம். ஆகவே 3 செ.மீ.க்குள், எட்டும் இடத்தில், பழகிய கை கிடைத்தால் ஒரே துண்டு முறை விரும்பத்தக்கது. 5 செ.மீ. கட்டியை லேசரில் எடுக்கிறோம் என்று விளம்பரம் பார்த்தால், பயாப்ஸிக்கு என்ன அனுப்புவீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆவியாக்கிவிட்டால் அனுப்ப ஒன்றும் இருக்காது.

*

கேள்வி: இதய ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறேன். கட்டி எடுக்க இரண்டையும் நிறுத்தலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். 75 மி.கி. ஆஸ்பிரினோடு பெரும்பாலும் அறுவை செய்துவிடலாம். குளோபிடோகிரலை நிறுத்துவதானால் 5 முதல் 7 நாள் முன்பு. ஆனால் ஸ்டென்ட் புதிது என்பதால் அந்த முடிவு உங்கள் இதய மருத்துவருடையது. பேஸ்மேக்கர் இருப்பவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மானோபோலார் மின்சாரம் அதைக் குழப்பக்கூடும்.

*

கேள்வி: ஆபரேஷன் முடிந்த அன்றே பைக்குள் கீமோ மருந்து விட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு விடவில்லை. புற்றுநோய் என்று பயாப்ஸி வருவதற்கு முன்பே கீமோ ஏன்?
(வாசகர், ஈரோடு)

பதில்: கட்டியை நறுக்கும்போது உதிரும் செல்கள் திரவத்தில் மிதந்து, வெட்டுப்பட்ட வேறு இடங்களில் ஒட்டி முளைக்கலாம். அவை பதிந்து மூடிக்கொள்வதற்கு முன் கொல்லத்தான் அந்த மருந்து. அதனால் பயாப்ஸிக்காகக் காத்திருக்க முடியாது. முதல் சில மணி நேரத்திலேயே போடுவது நல்லது, 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. வழக்கமானது மைட்டோமைசின் 40 மி.கி., 40 மி.லி. சலைனில். கதீட்டர் வழியே விட்டு ஒரு மணி நேரம் கிளாம்ப் செய்து, பிறகு வடித்துவிடுவார்கள். இந்த ஒரே டோஸின் பலனைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஐந்து ஆண்டுக்குள் கட்டி திரும்புவது 59 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைந்தது. ஜெம்சைட்டபின் 2 கிராமை 100 மி.லி. சலைனில் விடுவதும் உண்டு. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் நான்கு ஆண்டுக் கணக்கு 47-லிருந்து 35 சதவீதமானது. சாதுவாகத் தெரியும் சிறிய கட்டிகளுக்குத்தான் பலன் அதிகம்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சுவர் துளைபட்டிருக்கலாம், அல்லது ரத்தம் நிற்காமல் சலைன் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த இரண்டு நிலையிலும் போடக்கூடாது. மருந்து பையைத் தாண்டிக் கசிந்தால் சுற்றியுள்ள திசுவை அழுகச் செய்யும். போட்ட நாளில் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், கையையும் அந்த இடத்தையும் சோப்பால் கழுவுங்கள், கழிப்பறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்.

இதை பி.சி.ஜி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உயிருள்ள கிருமி. ஆறாத புண்ணில் விட்டால் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து. குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான்.

*

கேள்வி: கட்டி எடுத்து வீட்டுக்கு வந்து சிறுநீர் தெளிந்துவிட்டது. 12-ஆம் நாள் திடீரென்று சிவப்பாகப் போகிறது. கட்டி திரும்பிவிட்டதா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: இத்தனை சீக்கிரம் திரும்பாது. கருக்கிய இடத்தில் படிந்த பொருக்கு 10 முதல் 14 நாளில் உரியும், அப்போது கசியும். இதயமோ சிறுநீரகமோ தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாத வரை நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் குடியுங்கள். மலச்சிக்கலில் முக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, ஸ்கூட்டரில் போவது மூன்றையும் இரண்டு வாரம் விடுங்கள். ரோஸ் நிறம் பரவாயில்லை. கட்டி கட்டியாக ரத்தம் வந்து, பிறகு சிறுநீரே வராமல் அடிவயிறு முட்டிக்கொண்டு வலித்தால் உறைந்த ரத்தம் வழியை அடைத்திருக்கிறது. அப்போது தண்ணீர் குடிக்கக் குடிக்க வலிதான் கூடும். குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய கதீட்டர் போட்டு, பெரிய சிரிஞ்சால் சலைன் செலுத்தி உறைந்ததை இழுத்து எடுத்தால்தான் தீரும். சின்ன கதீட்டர் போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

*

கேள்வி: நீல வெளிச்சத்தில் பார்த்தால் கட்டி தப்பாது என்கிறார்களே?
(வாசகர், சென்னை)

பதில்: ஹெக்ஸாமினோலெவுலினேட் என்ற மருந்தைச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு பையில் விட்டால், நீல ஒளியில் கட்டி செல்கள் சிவப்பாக ஒளிரும். தட்டையான ஆரம்பப் புற்று வெள்ளை ஒளியில் வெறும் சிவப்புத் திட்டாகவோ தெரியாமலோ போகும். அங்கேதான் இதன் பயன். அழற்சி, அண்மையில் போட்ட பி.சி.ஜி. ஆகியவையும் ஒளிரும் என்பதால் ஒளிர்வதெல்லாம் கட்டியல்ல. மருந்தே தேவைப்படாத, ரத்தக்குழாய்களை எடுப்பாகக் காட்டும் என்.பி.ஐ. ஒளி வசதி பல கேமராக்களிலேயே இருக்கிறது.

*

கேள்வி: அம்மாவுக்குத் தசைக்குள் இறங்கிவிட்டது, டி 2 என்கிறார்கள். மறுபடி மறுபடி சுரண்டிப் பையைக் காப்பாற்ற முடியாதா? எடுத்தால் சிறுநீர் எப்படிப் போகும்?
(வாசகி, திருச்சி)

பதில்: சுரண்டுவதால் மட்டும் முடியாது. தசைக்குள் இறங்கியது நிணநீர் வழியே பரவத் தொடங்கியிருக்கலாம், கம்பி அங்கே எட்டாது. நிலையான வழி, சிறுநீரகம் நன்றாக இருந்தால் முதலில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ 3 அல்லது 4 சுற்று, பிறகு பையையும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பது. பெண்களுக்கு வழக்கமாகக் கருப்பையும் யோனிச் சுவரின் ஒரு பகுதியும் சேர்ந்து போகும். நோய் அந்தப் பக்கம் இல்லையென்றால் அவற்றை விட்டுவைப்பதும் உண்டு, கேளுங்கள். கீமோ இல்லாமல் நேரடியாக அறுவை என்றால் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளுவது ஆபத்து. திறந்து செய்வதா ரோபோவா என்பதில் அலைய வேண்டாம். 2018-ல் வந்த பெரிய ஒப்பீட்டில் இரண்டாண்டுப் பலன் இரண்டிலும் ஒன்றுதான்.

சிறுநீருக்கு இரண்டு வழி. யூஜின் பிரிக்கர் 1950-ல் பரவலாக்கிய முறையில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 15 முதல் 20 செ.மீ. வெட்டி, ஒரு முனையில் சிறுநீர் நாளங்களைத் தைத்து, மறு முனையை வலது அடிவயிற்றில் திறந்துவிடுவார்கள். வெளியே பை ஒட்ட வேண்டும். திறப்பின் இடத்தை அறுவைக்கு முதல் நாளே, உட்காரவும் நிற்கவும் வைத்துப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். சேலைக் கொசுவம், பாவாடை நாடா, வயிற்று மடிப்பு இவற்றில் விழுந்தால் பை ஒட்டாது, தோல் வெந்துபோகும். இரண்டாவது வழி, 55 முதல் 60 செ.மீ. குடலில் புதுப் பை செய்து சிறுநீர்ப் புறவழியோடே இணைப்பது. வெளியே பை இல்லை. ஆனால் நிறைந்தது தெரியாது என்பதால் 3, 4 மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் போக வேண்டும், இரவில் எழ வேண்டும், வராவிட்டால் தானே கதீட்டர் போட்டு எடுக்கத் தெரிய வேண்டும்; பெண்களுக்கு இந்தத் தேவை அதிகம். சிறுநீரகம் பலவீனம் என்றால் புதுப் பை வேண்டாம், குடல் சிறுநீரின் அமிலத்தை மீண்டும் உறிஞ்சும். எந்த வழியானாலும் பி 12 அளவை ஆண்டுதோறும் பாருங்கள்.

பையை வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: கட்டியை முடிந்தவரை முழுதாகச் செதுக்கி, பிறகு கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தருவது. ஒரே கட்டி, சிறுநீரகத்தில் அடைப்பு இல்லை, மற்ற இடத்தில் தட்டைப் புற்று இல்லை என்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. பை சுருங்கிப்போகாமல் நன்றாக வேலை செய்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். அம்மாவின் ஸ்கேனைக் கதிர்வீச்சு மருத்துவரும் ஒருமுறை பார்க்கட்டும்.

*

கேள்வி: டி.ஏ., லோ கிரேடு. ஒரே ஒரு சின்னக் கட்டி. எடுத்தாகிவிட்டது. இனி எதற்கு மறுபடி மறுபடி டியூப் விட்டுப் பார்க்க வேண்டும்?
(வாசகர், காரைக்குடி)

பதில்: திரும்ப வரும் பழக்கம் உள்ள நோய் என்பதால். உங்களுக்கு அட்டவணை லேசானதுதான்: மூன்றாம் மாதம் ஒருமுறை, அது சுத்தமாக இருந்தால் ஓராண்டில், பிறகு ஐந்தாண்டு வரை ஆண்டுக்கொருமுறை. ஹை கிரேடுக்காரர்கள் இரண்டு ஆண்டு வரை மூன்று மாதத்துக்கொருமுறை, பிறகு ஐந்தாண்டு வரை ஆறு மாதத்துக்கொருமுறை, அப்புறம் ஆண்டுதோறும், அதோடு பி.சி.ஜி.யும், வாரம் ஒன்றாக ஆறு, பிறகு மூன்றாண்டு வரை தவணை தவணையாக. மூன்றாம் மாதப் பரிசோதனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளாதீர்கள். அடுத்த அட்டவணையை அதுதான் தீர்மானிக்கும். வளையும் சிஸ்டோஸ்கோப்பில் பார்த்தால் மரப்பு ஜெல்லே போதும், சில நிமிட வேலை. பீடியோ சிகரெட்டோ இருந்தால் அதை விடுவது இந்தப் பரிசோதனைகளுக்கு மாற்று அல்ல, ஆனால் அவற்றில் நல்ல ரிப்போர்ட் வருவதற்கு உதவும்.